மெத்தை வண்டியின் ஐந்தாவது ஸ்டெப்

அத்தியாயம் 6

லோமா பர்தா மலைப்பாதையில் பைக்கின் பின்சீட்டில் போகிறவனுக்கு இரண்டே கவலைகள்தான். முதுகெலும்பு மிஞ்சுமா என்பது ஒன்று. மிஞ்சினால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது இன்னொன்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ராடமேஸ் இரண்டையும் உரக்கவே சொல்லிப் பார்த்தான். முன்னால் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த ஒலிம்பியா காதில் போட்டுக்கொள்ளவில்லை. பத்தொன்பது வருஷம் போலீஸில் சார்ஜெண்டாகக் குப்பை கொட்டிவிட்டு, இப்போது சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் வைத்திருப்பவள் அவள். ராடமேஸ், அதாவது ராடா, பதினோரு வருஷம் வாடகை பைக் ஓட்டி, இடது முழங்காலை ஒரு லாரிக்குக் காவு கொடுத்த பிறகு அவளிடம் உதவியாளனாகச் சேர்ந்தவன். வாய் மட்டும் லாரிக்குத் தப்பிவிட்டது.

விஷயம் இதுதான். வியாழக்கிழமை காலை ஃபெர்மின் என்ற வாடகை பைக்காரன், ஆற்றுக்கு மேலே மூன்றாவது வளைவில் பள்ளத்தில் விழுந்து செத்துப்போனான். பின்னால் உட்கார்ந்திருந்த ஐந்து மாதக் கர்ப்பிணி யொகாஸ்டா தோள் எலும்பு முறிவோடு தப்பினாள். அவன் ஓட்டியது மெத்தை வண்டி. லோமா பர்தா ஸ்டாண்டில் இருக்கும் பதினோரு பைக்குகளில் ஒன்றைக் கர்ப்பிணிகளுக்கும் நோயாளிகளுக்கும் என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். பின்பக்க ஸ்பிரிங்கைத் தளர்த்தி, டயரில் காற்றைக் குறைத்து, கல்லிலும் குழியிலும் பூப்போல இறங்குகிற மாதிரி பழக்கிய வண்டி. அதில் ஒரு பலாக்கொட்டையைக்கூடச் சுமையாக ஏற்ற மாட்டார்கள்.

விபத்துக்கு மூன்று நாள் முன்னால்தான் மெக்கானிக் கீரிக்கோ அந்த வண்டிக்குப் பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டையும் புதிதாக மாட்டியிருந்தான். காயலான் கடைச் சரக்கை மாட்டி ஆளைக் கொன்றுவிட்டான் என்று ஊர் சொன்னது, போலீஸ் அவனைத் தூக்கி உள்ளே வைத்தது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நீதிபதி முன்னால் நிறுத்துவார்கள். முதலில் மூன்று மாதக் காவல், அப்புறம் வழக்கு, அப்புறம் வருஷக் கணக்கு. அவனுடைய மனைவி நூரிஸ் சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸுக்கு வந்து, தன் புருஷன் அடுத்தவன் உயிரில் விளையாடுகிறவன் இல்லை என்று ஒரே வாக்கியத்தை ஏழு தடவை சொன்னாள். ஒலிம்பியா ஏழாவது தடவையில் ஒப்புக்கொண்டாள்.

மெத்தை வண்டி போலீஸ் அவுட்போஸ்ட்டின் பின்முற்றத்தில் கோழிகளுக்கு நடுவே கிடந்தது. முன்பக்கம் கசங்கிப் போயிருந்தது. பின்பக்கத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒலிம்பியா குந்தி உட்கார்ந்து ஷாக் அப்சார்பரை விரலால் துடைத்தாள். எண்ணெய்க் கசிவு இல்லை, வளைவு இல்லை, விரிசல் இல்லை.

"காயலான் கடைச் சரக்கா இது?"

"எங்க கல்யாண மோதிரம்கூட இவ்வளவு சுத்தமா இல்ல மேடம்," என்றான் ராடா. அப்புறம் அவன் கண் ஸ்பிரிங்கின் அடிப்பக்கம் போனது. வாய் தானாக மூடிக்கொண்டது.

அந்த இடத்தில் படிக்கட்டு மாதிரி வெட்டிய வளையம் ஒன்று இருக்கும். கொக்கிச் சாவியால் அதைத் திருகினால் ஸ்பிரிங் ஒவ்வொரு ஸ்டெப்பாக இறுகும். முதல் ஸ்டெப் மெத்தை, ஐந்தாவது ஸ்டெப் கருங்கல். மெத்தை வண்டியின் வளையம் இரண்டு பக்கமும் ஐந்தாவது ஸ்டெப்பில் நின்றது. காற்று முட்ட இருந்த டயரை ராடா அழுத்திப் பார்த்தான். கட்டை விரல் வலித்தது.

"அஞ்சாவதுல யார் ஓட்டுவாங்க?" என்று கேட்டாள் ஒலிம்பியா.

"காப்பி மூட்டை ஏத்துறவன், கேஸ் சிலிண்டர் ஏத்துறவன், என் மாமியாரை ஏத்துறவன். சுமை இருந்தா இது சரி மேடம். சுமை இல்லாம இந்த ரோட்டுல ஓட்டினா, ஒவ்வொரு குழியிலயும் பின்சக்கரம் கழுதை மாதிரி உதைக்கும். வேகமா போனா ஆளையே தூக்கி எறியும்."

ஃபெர்மினுக்கு வேண்டாத எவனோ ராத்திரியோடு ராத்திரியாகத் திருகிவிட்டான் என்று ராடா தீர்ப்பே எழுதிவிட்டான். ஸ்டாண்டில் பத்து பேர் பாக்கி, ஒவ்வொருத்தனாகப் பிடித்து உலுக்கினால் ஒருத்தன் உதிர்வான். ஒலிம்பியா சீட்டைத் தூக்கினாள். கொக்கிச் சாவி துணியில் சுற்றியபடி இருந்த இடத்திலேயே இருந்தது.

"நீ பதினோரு வருஷம் ஓட்டினவன். உன் வண்டியை எவனாவது அஞ்சாவதுக்கு மாத்தினா, எவ்வளவு தூரம் போனப்புறம் தெரியும்?"

"பத்து மீட்டர். உக்காந்ததுமே தெரிஞ்சாலும் தெரியும்."

"சாவி சீட்டுக்கு அடியிலயே இருக்கு. திருப்ப ரெண்டு நிமிஷம் ஆகும். அவன் திருப்பல. அப்ப?"

அப்படியென்றால் ஃபெர்மினுக்குத் தெரிந்தேதான் நடந்திருக்கிறது. ராடா எழுதிய தீர்ப்பை அவனே கிழித்துப்போட வேண்டியதாயிற்று.

அவுட்போஸ்ட் ஏட்டு வரைந்த விபத்துப் படத்தையும் அவள் வாங்கிப் பார்த்தாள். ஏட்டுக்குப் படம் வரைவதில் ஆசை இருந்திருக்க வேண்டும், ஹெட்லைட்டைக்கூட விடாமல் வரைந்திருந்தான். ஹெட்லைட் மலைமேல் ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தது. நேரம் ஆறே முக்கால். யொகாஸ்டா கீழே ஆஸ்பத்திரிக்குப் போகக் கிளம்பியதாகத்தான் வாக்குமூலம். ஆஸ்பத்திரி பதினான்கு கிலோமீட்டர் கீழே இருக்கிறது, எட்டு மணிக்குத்தான் திறப்பார்கள். திறக்காத ஆஸ்பத்திரியிலிருந்து ஆறே முக்காலுக்கு யார் திரும்பி வருவார்கள்?

விபத்து நடந்த இடத்துக்கு முதலில் போய்ச் சேர்ந்தது யார் என்ற இடத்தில் கீரிக்கோவின் பெயர் இருந்தது.

அவனை அதே கட்டடத்தின் முன்னறையில் கம்பிக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். நாற்பது வயது, கை முழுக்கக் கிரீஸ். நூரிஸ் கொண்டுவந்து வைத்த மசித்த வாழைக்காய் தொடாமல் ஆறிப்போயிருந்தது. ஒலிம்பியா கேட்பதற்கு முன்னாலேயே, என் வேலைதான் தப்பு, அப்படியே எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டான்.

"எந்த ஸ்டெப்ல வெச்சுக் குடுத்தே?"

"முதல் ஸ்டெப்."

"இப்ப அஞ்சாவதுல இருக்கு."

கீரிக்கோ தரையைப் பார்த்தான். "அப்ப என் கைதான் தப்பா வெச்சிருக்கும்," என்றான்.

வெளியே வந்ததும் ஒலிம்பியா சிகரெட்டைப் பற்றவைக்காமல் விரலில் உருட்டினாள். அவள் மூளை வேலை செய்கிறது என்பதற்கு அது அடையாளம், அந்த நேரத்தில் குறுக்கே பேசினால் ராடாவுக்கு அர்ச்சனை விழும். ஆனாலும் பேசினான். "ஜெயிலுக்குப் போறதுக்கு இவ்வளவு அவசரப்படுறவனை நான் பாத்ததே இல்ல மேடம். வீட்டுல அவ்வளவு கஷ்டமா?"

"ஒரு மெக்கானிக்கிட்ட போய், நீ வெச்ச ஸ்டெப்பை மாத்தியிருக்காங்கன்னு சொன்னா, முதல்ல என்ன கேப்பான்?"

"எவன் மாத்தினான்னு கேப்பான். கூடவே அவன் அம்மாவைப் பத்தியும் ரெண்டு வார்த்தை கேப்பான்."

"இவன் கேக்கல. ஏன்னா இவனுக்குத் தெரியும். ஸ்பிரிங் இறுகினா முழு உதையும் வாங்குறது யாரு?"

"பின்சீட்டு ஆளு," என்றான் ராடா. காலையிலிருந்து அவன் புலம்பிக்கொண்டிருந்ததே அதைத்தானே. சொன்ன பிறகுதான் அந்தப் பதிலின் கனம் அவனுக்கே உறைத்தது.

யொகாஸ்டாவின் வீடு காப்பித் தோட்டத்து ஓரத்தில், தகரக் கூரையோடு இருந்தது. புருஷன் தலைநகரில் கட்டட வேலையில் இருக்கிறான். நாலு பிள்ளைகள் முற்றத்தில் மாம்பழம் சப்பிக்கொண்டிருந்தார்கள். அவள் கட்டிலில் சாய்ந்திருந்தாள், கை கழுத்திலிருந்து கட்டிய துணித் தூளியில் தொங்கியது. அவளுக்குப் பின்னால் முதுகுக்கு முட்டாக ஒரு சின்னத் தலையணை. அதன் நாலு மூலையிலும் நாடா தைத்திருந்தது.

அந்த நாடாவை ராடா உடனே அடையாளம் கண்டுகொண்டான். மெத்தை வண்டியில் போகிற கர்ப்பிணி தன் வீட்டுத் தலையணையைக் கொண்டுவந்து சீட்டில் கட்டி உட்காருவாள், திரும்பும்போது அவிழ்த்து எடுத்துக்கொண்டு போவாள். அவனே எத்தனையோ தலையணைகளைக் கட்டியிருக்கிறான். போலீஸ் பட்டியலில் ஒற்றைச் செருப்பு இருந்தது, ஆஸ்பத்திரி அட்டை இருந்தது, தண்ணீர் பாட்டில் இருந்தது, தலையணை இல்லை. அது இங்கே, ஒரு முடிச்சுகூட விழாத நாடாக்களோடு இருந்தது. அவன் ஒலிம்பியாவைப் பார்த்துக் கண்ணால் தலையணையைக் காட்டினான். அவள் ஏற்கெனவே பார்த்திருந்தாள்.

"தலையணை இல்லாம, காத்து ஏத்தின டயர்ல, அஞ்சாவது ஸ்டெப்ல போயிருக்கே," என்றாள் ஒலிம்பியா. குரல் மிரட்டவில்லை. "ஆஸ்பத்திரிக்குப் போகலை நீ. நான் இப்ப போலீஸ் இல்லம்மா. சொல்லு."

யொகாஸ்டா பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பினாள். அவர்கள் வேலி தாண்டும்வரை காத்திருந்தாள்.

"போன பிரசவத்துல எனக்கு ரத்தம் நிக்கல. அடுத்தது வந்தா நீ பொழைக்கமாட்டேன்னு டாக்டர் எழுதியே குடுத்தார். வந்துருச்சு. அந்தக் காகிதத்தோட போய் நின்னேன். சட்டத்துல இதுக்கு வழியே கிடையாது, செஞ்சா நீயும் உள்ள, நானும் உள்ளன்னார். அவருக்கு அழுகையே வந்துருச்சு. அவர் அழுது எனக்கு என்ன ஆகப்போகுது?"

ஆற்றுக்கும் மூன்றாவது வளைவுக்கும் நடுவே இருக்கிற கல்லுப் பாதையில் அதிர்ந்து போனால் வயிற்றில் இருப்பது தங்காது என்று மலையில் ஒரு பேச்சு உண்டு. அதனால்தான் மெத்தை வண்டி வைத்தார்கள். அவள் அதைத் திருப்பிப் போட்டு நம்பியிருக்கிறாள். ஃபெர்மின் இரண்டு தடவை முடியாது என்று சொன்னான். மூன்றாவது தடவை அவள் நாலு பிள்ளைகளையும் அவன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். அவன் காற்று ஏற்றி, வளையத்தைத் திருகினான்.

ராடா நினைத்துப் பார்த்தான். பதினோரு வருஷத்தில் எத்தனை கர்ப்பிணிகளை எத்தனை மோசமான வண்டியில் கொண்டுபோயிருக்கிறான். அந்தப் பாதை பல்லை உதிர்க்கும், இடுப்பை ஒடிக்கும். வயிற்றில் இருப்பது போகும் என்பதெல்லாம் வாய்க்கு வந்த பேச்சு. ஒரு வார்த்தை அவனிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். யாரிடம் கேட்க முடியும் அவளால்?

"அன்னிக்கு அந்தக் கல்லுப் பாதையில மேலயும் கீழயுமா ஓட்டினோம். மூணாவது தடவை மேல ஏறும்போது, இன்னும் வேகமா போன்னு நான்தான் சொன்னேன். பின்சக்கரம் துள்ளுச்சு. வண்டி என் மேல சாயப் போச்சு. அவன் பள்ளத்துப் பக்கமா இழுத்துக்கிட்டான்."

"குழந்தை?" என்று கேட்டாள் ஒலிம்பியா.

"நல்லா இருக்காம்," என்றாள் யொகாஸ்டா. அதைச் சொல்லும்போதுதான் அவள் அழுதாள்.

மீதியை விட்டு விட்டுச் சொன்னாள். முதலில் வந்த கீரிக்கோ வளையத்தைப் பார்த்தான், தலையணை இல்லாத சீட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். திருப்பி வைக்கப் போனான். அதற்குள் மேலே பைக் சத்தம் கேட்டுவிட்டது. வாயைத் திறக்காதே, என் கைப்பிசகு என்று சொல்லிக்கொள்கிறேன் என்றான். மூன்று நாளாக அவளுக்குத் தூக்கம் இல்லை.

ஒலிம்பியா ஜன்னல் பக்கம் போய் நின்றாள். உண்மையைச் சொன்னால் கீரிக்கோ வெளியே வருவான், யொகாஸ்டா உள்ளே போவாள். சொல்லாவிட்டால் கீரிக்கோவுக்கு வருஷக் கணக்கில் கம்பி. மூன்றாவது வழி ஒன்றுதான் இருந்தது, அதை அவள் உரக்கவே சொன்னாள். செத்தவன் தானாக ஏதோ காரணத்துக்கு இறுக்கினான் என்று அவன் தலையில் வைப்பது. செத்தவனை யாரும் சிறையில் போட முடியாது.

"வேண்டாம்," என்றாள் யொகாஸ்டா. "ரெண்டு தடவை முடியாதுன்னவன் அவன். அவன் மேல பழி போடணும்னா அவன் அம்மாகிட்ட நானே போய்க் கேக்கணும். அவங்க முடியாதுன்னா, நாளைக்கு நான் வந்து ஜட்ஜ்கிட்ட சொல்றேன்."

ஒலிம்பியா தடுத்துப் பார்த்தாள். ஒருத்தருக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரிந்த மாதிரி என்றாள். யொகாஸ்டா அதற்குள் ஒற்றைக் கையால் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

ஃபெர்மின் வீட்டில் ஒன்பது நாள் ஜெபத்தில் அன்று மூன்றாம் நாள். தகரப் பந்தலுக்குக் கீழே காலி நாற்காலிகள், சாயங்கால ஜெபத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. ஃபெர்மினின் அம்மா, ஊரார் மரியாதையாக டோன்யா என்று கூப்பிடும் எர்சிலியா, வாசலில் உட்கார்ந்து காப்பி வறுத்துக்கொண்டிருந்தாள். அறுபது வயதுக்கு மேல் இருக்கும், கறுப்பு உடையில் இன்னும் சுருங்கித் தெரிந்தாள். யொகாஸ்டா அவள் முன்னால் மண்ணில் உட்கார்ந்து, ஒன்று விடாமல் சொன்னாள். கிழவி கரண்டியை நிறுத்தவில்லை. கொட்டை கருகும் வாசனை வந்த பிறகுதான் நிறுத்தினாள்.

"அவன்தான் இறுக்கினானா?"

"ஆமாம்மா."

"அழுதானா?"

"திருகும்போது அழுதான்."

எர்சிலியா தலையை ஆட்டிக்கொண்டாள். திட்டப் போகிறாள், கரண்டியை வீசப் போகிறாள் என்று ராடா ஓரடி முன்னால் வந்து நின்றான். அவள் அவனைப் பார்க்காமல் ஒலிம்பியாவிடம் கேட்டாள். "பன்னெண்டு வருஷம் ஓட்டினவன் காரணமே இல்லாம இறுக்கினான்னா எந்த ஜட்ஜ் நம்புவான்?"

"கஷ்டம்தான்," என்றாள் ஒலிம்பியா.

"அப்ப நான் சொன்னேன்னு வெச்சுக்கோ. ரெண்டு மூட்டை காப்பியை ஏத்திக்கிட்டுப் போடான்னு நான்தான் நச்சரிச்சேன். அதுக்குத்தான் காத்து ஏத்தினான், ஸ்பிரிங்கை இறுக்கினான். இவ ஒண்டிக்கிட்டு உக்காந்தா, தலையணைக்கு இடம் இல்ல. ஆத்துக்கிட்ட ஒரு லாரியில மூட்டையைக் கைமாத்தி விட்டான். அங்க இறங்கி நின்னப்பதான், சாக்குத் தைக்கிற கயிறை வீட்டுலயே விட்டுட்டு வந்தது தெரிஞ்சு, அதை எடுக்கத் திரும்பி மேல வந்தான். வளையத்தைத் திருப்ப மறந்துட்டான். போதுமா?"

ராடா வாயைப் பிளந்தான். டயர், வளையம், தலையணை, ஊரைப் பார்த்த ஹெட்லைட். இவர்கள் காலையிலிருந்து முட்டி மோதிக் கண்டுபிடித்த நாலு ஓட்டையையும் கிழவி ஒரே மூச்சில் அடைத்துவிட்டாள்.

"அம்மா, யோசிச்சுச் சொல்லுங்க," என்றாள் ஒலிம்பியா. "மெத்தை வண்டியில சுமை ஏத்தினவங்களை இந்த ஊர் என்ன பண்ணும்னு எனக்குத் தெரியும். அப்புறம் உங்களை ஸ்டாண்டுல எவனும் ஏத்தமாட்டான். ஜெபத்துக்கும் ஆள் வராது. பேராசையில மகனையே கொன்னவள்னு சொல்வாங்க."

"சொல்லட்டும். அவன் என்ன செய்யப் போனான்னு எனக்குத் தெரிஞ்சா போதும்." கிழவி குனிந்து யொகாஸ்டாவின் தூளியைச் சரிசெய்தாள். "எழுந்திரு. மண்ணு ஈரமா இருக்கு."

பத்தொன்பது வருஷம் பொய்ச்சாட்சிகளைப் பிடித்துக் கூண்டில் ஏற்றிய ஒலிம்பியா, வளையத்தைப் பற்றி மட்டும்தான் தான் பேசப் போவதாகச் சொன்னாள். மற்றது எதுவும் தன் காதில் விழவில்லை என்றாள்.

திங்கட்கிழமை எல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்தது. ஒலிம்பியா ஷாக் அப்சார்பர் இரண்டும் பழுதில்லாதவை என்றும் வளையம் ஐந்தாவது ஸ்டெப்பில் இருந்தது என்றும் சொன்னாள். எர்சிலியா மூட்டைக் கதையைச் சொன்னாள். இதை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று நீதிபதி கேட்டதற்கு, வெட்கம் என்றாள். கோர்ட்டில் நிறைந்திருந்த லோமா பர்தாக்காரர்களிடமிருந்து ஒரு முனகல் எழுந்து அடங்கியது. கீரிக்கோ கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தான். கிழவி திரும்பி அவனை ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டான். தப்பு தன் கையில்தான் என்று பயத்தில் நினைத்துவிட்டதாக நீதிபதியிடம் முணுமுணுத்தான். அவனை விட்டுவிட்டார்கள்.

வாசலில் நூரிஸ் காத்திருந்தாள். புருஷன் கையைப் பிடித்தபடியே கிழவிக்கு நேராக வந்து நின்றாள். "மூணு நாள் இவரை உள்ள வெச்சுட்டு வாயைத் திறக்காம காப்பி வறுத்துக்கிட்டு இருந்தியே. உனக்கெல்லாம் நல்ல சாவு வராது," என்றாள். எர்சிலியா கேட்டுக்கொண்டாள். கீரிக்கோ மனைவியை இழுத்துக்கொண்டு போனான். அவன் திரும்பிப் பார்க்கவே இல்லை, பார்த்தால் உடைந்துவிடுவான் என்று ராடாவுக்குப் புரிந்தது.

தெருமுனையில் லோமா பர்தா பைக்குகள் பத்தும் வரிசையாக நின்றன. எர்சிலியா முதல் வண்டியின் அருகே போனாள். ஓட்டுகிறவன் சாவியைப் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். ஃபெர்மினின் சவப்பெட்டியைத் தோளில் சுமந்தவன் அவன். இரண்டாவது வண்டிக்காரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மூன்றாவது வண்டியிடம் அவள் போகவில்லை. பாவாடையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மலைப்பாதையில் நடக்க ஆரம்பித்தாள். பதினான்கு கிலோமீட்டர் ஏற்றம், உச்சி வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

ராடாவுக்குத் தாங்கவில்லை. ஒலிம்பியா வண்டியை அவள் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவதற்குள் நொண்டிக் காலோடு பின்சீட்டிலிருந்து குதித்து இறங்கினான். "ஏறுங்கம்மா. நான் வேற வழியில வந்துக்கிறேன்."

எர்சிலியா நிற்கவில்லை. பின்னால் வரிசையாக நின்ற பத்துப் பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்களா என்று ஒரு முறை ஓரக்கண்ணால் பார்த்தாள். அப்புறம், உதடு அசைவது தெரியாமல் சொன்னாள்.

"வேண்டாம் தம்பி. நான் நடந்து போனாத்தான் அது நெஜம்னு நம்புவாங்க."